வேட்டை நாயும் நம் விரதமும்



நம் இல்லத்துப் பிள்ளைகளை அருகே அழைத்து, "விலக்க வேண்டிய வியசனங்கள் எத்தனை?" என்று கேட்டால், "ஏழு" என்று தயங்காமல் விடை சொல்வார்கள். சூது, புலால், கள், பரத்தைமை, வேட்டை, களவு, பிறன்மனை விழைதல் என்று வரிசை தவறாமல் ஒப்புவிக்கவும் செய்வார்கள். அவ்வரிசையில் வேட்டை என்னும் சொல் வரும்போது மட்டும் பெரியவர்களாகிய நமக்கு ஒரு நிம்மதி உண்டாகிறது. மற்றவற்றில் எவரேனும் எப்போதேனும் வழுக்கியிருக்கலாம். வேட்டை மட்டும் நம் குலத்திலேயே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். வில்லோ வலையோ துப்பாக்கியோ நம் வீட்டுச் சுவரில் தொங்குவதில்லை. ஆகவே வேட்டையைக் குறித்துச் சிராவகக் குடும்பங்களுக்கு அறவுரை எழுதுவது வேண்டாத வேலை என்று தோன்றலாம். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு காலை வேளையில் கேட்ட ஒரு சொல் அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது.

ஒரு கரிநாள் காலை

கடலூரிலிருந்து பண்ணுருட்டி செல்லும் வழியில் நெல்லிக்குப்பத்தைக் கடந்ததும் வருவது மேல்பட்டாம்பாக்கம். வடக்கே தென்பெண்ணையாறு ஓடுகிறது. கரும்பும் நெல்லும், மல்லாட்டை என்று நம் பக்கத்தார் சொல்லும் நிலக்கடலையும் விளையும் பூமி. சில ஆண்டுகளுக்கு முன், பொங்கல் கழிந்த கரிநாளன்று, அவ்வூரை அடுத்துச் சிறிது நிலம் வைத்துப் பயிர் செய்யும் நம் அன்பர் ஒருவர் இல்லத்தில் தங்கியிருந்தோம். அவர் நித்திய வழிபாடு தவறாதவர், இரவில் உண்ணாதவர், வடிகட்டாத நீரை வாயில் வைக்காதவர்.

காலையில் நம்மை வயலுக்கு அழைத்துச் சென்றார். மல்லாட்டைச் செடி முளைத்துச் சில இலைகளே விட்டிருந்தது. வரப்போரத்தில் செடிகள் வரிசையாகக் கடிபட்டுக் கிடந்தன. "முயல்" என்றார் அன்பர். விதைக்கும் உழவுக்கும் வாங்கிய கடன் அவர் முகத்தில் தெரிந்தது.

சற்று நேரத்தில் ஆற்றுப் பக்கமிருந்து ஆறேழு பேர் வந்தார்கள். முன்னால் ஒரு முதியவர். அவர் கையில் இரண்டு கயிறுகள். கயிறுகளின் முனையில் இரண்டு நாய்கள். ஒட்டிய வயிறும் நெடிய கால்களும் கூரிய முகமும் உடையவை. முதியவர் நம் அன்பரைப் பார்த்தார். அன்பர் தலையை அசைத்தார். அவ்வளவே, ஒரு சொல்லும் பேசப்படவில்லை.

உடன் வந்த இளைஞர்கள் கரும்புத் தோட்டத்து ஓரமாகக் கோல்களால் தட்டி ஓசை எழுப்பினார்கள். ஒரு முயல் எழுந்து ஓடிற்று. கயிறுகள் அவிழ்ந்தன. அவை மோப்பத்தால் தேடிச் செல்லும் நாய்கள் அல்ல. கண்ணால் கண்டதைத் துரத்தும் இனத்தவை. முதல் நாய் நெருங்கியதும் முயல் சட்டென்று திசை திரும்பியது. பின் வந்த நாய் அத்திருப்பத்தை மறித்தது. மூன்று முறை திரும்பியது. பிறகு ஒரு கீச்சொலி. முயல் வாய் திறந்து கத்துவது அரிது. உயிர் போகும் நேரத்தில் கத்தும்போது அது கைக்குழந்தையின் அழுகுரலை ஒத்திருக்கும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த ஓட்டம் நிகழ்ந்த அரை நிமிட நேரத்தில் நாம் வரப்பின்மேல் ஏறி நின்றிருந்தோம். நன்றாகத் தெரியவேண்டும் என்றே ஏறினோம். நாய்களின் வேகத்தைக் கண்கள் வியந்து பார்த்தன. கீச்சொலி காதில் விழுந்த பின்னரே நெஞ்சு சுட்டது. அந்தச் சூட்டோடு முதியவரை நோக்கி, "பெரியவரே, நல்ல நாளும் அதுவுமாக ஒரு வாயில்லா உயிரை இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டோம்.

அவர் சினம் கொள்ளவில்லை. முயலைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "ஐயா, கயிற்றை அவிழ்த்தவன் நான்தான். அந்தப் பாவம் எனக்கு இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நயினார் தலையசைக்காமல் இந்த நிலத்தில் நான் ஒரு நாளும் கால் வைத்ததில்லை."

நம் அன்பர் தலை குனிந்தார். நாமும் வரப்பிலிருந்து இறங்கினோம்.

மூன்று வாயில்கள்

அன்று மாலை இருப்பூர்தியில் திருப்பாதிரிப்புலியூர் வந்து சேர்ந்தோம். பாடலிபுத்திரம் என்று பெயர் பெற்று நம் முனிவர்கள் வாழ்ந்த ஊர் அது. சர்வநந்தி முனிவர் உலோகவிபாகம் என்னும் நூலைச் சக ஆண்டு 380-ல், அதாவது கி.பி. 458-ல், அங்கிருந்துதான் இயற்றினார். உயிர்கள் வினைவழியே சென்று பிறக்கும் உலகங்களை வகுத்துக் கூறும் நூல் அது. அந்த மண்ணில் நின்று, வேட்டைக்காரர் சொன்ன சொல்லைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தோம். அவர் நம் ஆகமத்தைப் படித்தவர் அல்லர். ஆயினும் நம் ஆகமம் சொல்வதையே நமக்குச் சொல்லியிருந்தார்.

வினை நம்மிடம் வந்து சேரும் வாயில்கள் மூன்று என்பது நாம் அறிந்ததே. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல். இம்மூன்றும் மனம், சொல், மெய் என்னும் மூன்றோடும் கூடி ஒன்பதாகும். கொல்லாமை விரதம் கொள்வோர் ஒரு வாயிலை மட்டும் அடைத்துவிட்டு மற்ற இரண்டையும் திறந்து வைத்தால், முன்கதவைப் பூட்டிப் பின்கதவை மறந்த வீடு போல் ஆகிவிடும். அன்று நம் அன்பர் தலையசைத்தது செய்வித்தல். நாம் வரப்பேறி நின்றது உடன்படுதல். நாயைப் பழக்கியவர் ஒருவர், கயிற்றை அவிழ்த்தவர் அவரே. ஆனால் அக்கயிற்றின் மறுமுனை நீண்டு நீண்டு நம் கைக்கும் வந்திருந்தது.

"பயிரைக் காப்பது இல்லறத்தானுக்கு விலக்கன்று, அது விரோத இம்சையில் அடங்கும் அல்லவா?" என்று அன்பர் பின்னர் ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்வி. இல்லறத்தார்க்கு முற்றும் விலக்கப்பட்டது சங்கற்ப இம்சை, அதாவது கொல்ல வேண்டும் என்று எண்ணிக் கொல்லுதல். உழவிலும் அடுக்களையிலும் தொழிலிலும் தவிர்க்க இயலாமல் நேர்வதையும், தற்காப்பில் நேர்வதையும் இயன்ற அளவு குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதே விதி. ஆனால் காப்பதற்கும் வேட்டைக்கும் உள்ள வேறுபாடு செயலில் தெரிந்துவிடும். காப்பதே நோக்கமானால் முயல் வயலைக் கடந்து ஓடியதும் செயல் முடிந்திருக்கும். வேட்டையோ அது ஓடும்போதுதான் தொடங்குகிறது. காப்பவன் முயல் தப்பினால் மகிழ்வான், வேட்டையாடுபவன் வருந்துவான்.

அந்த ஓட்டத்தைக் கண்டு நம் உள்ளத்தில் எழுந்த வியப்புக்கும் ஆகமத்தில் பெயர் உண்டு. தீய தியானங்களுள் ரௌத்திர தியானம் ஒன்று. அதன் முதல் வகை இம்சானந்தம், கொலையில் இன்புறுதல். இதற்கு வயலுக்குப் போகவும் வேண்டுவதில்லை. இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசியிலேயே நாய்கள் முயலைத் துரத்துவதும் பன்றியைக் கவ்வுவதும் படமாக ஓடுகின்றன. "நாயின் ஓட்டத்தைத்தான் பார்க்கிறேன்" என்று பிள்ளை சொல்லும். நாமும் அன்று அதைத்தான் பார்த்தோம்.

நாயின்மேல் விழும் ஐந்து குற்றங்கள்

வேட்டையில் இறப்பது முயல் ஒன்றே என்று எண்ண வேண்டா. வேட்டைக்கெனப் பழக்கப்படும் நாயும் துன்புறும் ஓர் உயிரே.

கொல்லாமை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள் சொல்லப்பட்டுள்ளன. கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மிஞ்சிய சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. இவற்றை மனப்பாடமாகச் சொல்லும்போது நமக்கு மாடும் குதிரையும் நினைவுக்கு வரும். வேட்டை நாயை எண்ணிக்கொண்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மனிதரோடும் பிற உயிர்களோடும் பழகினால் வெறி குறைந்துவிடும் என்று அதனை நாள் முழுதும் சங்கிலியில் கட்டிவைப்பவர் உண்டு. தவறிய ஓட்டத்துக்கு அடிப்பவர் உண்டு. பன்றி கவ்விப் பிடிக்கக் கூடாது என்று குட்டியிலேயே காதை அறுத்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கால் கிழிந்த பின்னும் ஓட விடுவதும், பசி இருந்தால்தான் வேகம் வரும் என்று வேட்டைக்கு முன் பட்டினி போடுவதும் உண்டு. ஐந்து குற்றங்களும் ஒரே உயிரின்மேல் வந்து விழுகின்றன. ஓடும் வயது கடந்தால் அதனைத் தெருவில் விட்டுவிடுவோரும் இருக்கின்றனர். எல்லோரும் அப்படியல்லர், தம் பிள்ளைபோல் நாயைப் பேணும் வேட்டைக்காரரும் உண்டு. ஆனால் அன்பாக வளர்த்த ஒன்றைக் கொலைக்கு அனுப்புவது அந்த அன்பையும் கெடுத்துவிடுகிறது.

நம் நாட்டு நாய்கள் பெருமைக்குரியவை. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்னும் இனங்களைக் காக்கும் பொருட்டுத் தமிழக அரசின் கால்நடைத் துறை 1980-81-ல் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு பெருக்க நிலையத்தைத் தோற்றுவித்தது. 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை இராசபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. இனம் அழியாமல் காப்பது நல்லதே. ஆனால் குட்டியை விற்கும்போது அது எவ்வேலைக்குப் போகிறது என்பதைக் கேளாமல் விற்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பயனின்றித் தீங்கு செய்தலை விலக்கும் அநர்த்ததண்ட விரதத்தில், கொலைக்கருவிகளைப் பிறர்க்குத் தருதல் ஒரு குற்றமாக எண்ணப்பட்டுள்ளது. வாளும் நஞ்சும் தருவது மட்டுமன்று; கொல்லும் விலங்குகளை வளர்த்தலையும் நம் ஆசாரியர்கள் இக்குற்றத்தோடு சேர்த்தே கூறினார்கள். இன்னோர் உயிரையே கருவியாக்கும் பாவத்தை அவர்கள் அன்றே கண்டிருந்தார்கள்.

இறக்கும் முயலைக் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். முயல் வளை தோண்டி வாழ்வதில்லை. புல்லிடையே சிறு பள்ளத்தில் பதுங்கி வாழும். அதன் குட்டி பிறக்கும்போதே கண் திறந்து, உடலில் மயிரோடு பிறக்கும். தாய் அதன் அருகிலேயே இருந்தால் பகை வந்து சேரும் என்பதால், குட்டியை மறைவிடத்தில் விட்டு விலகியிருந்து, பால் கொடுக்கும் நேரத்தில் மட்டும் வரும். குட்டி அசையாமல் காத்திருக்கும். தாய் முயல் ஒன்று வேட்டையில் வீழுமானால், அக்குட்டியின் காத்திருப்புக்கு முடிவில்லை. அன்னக்குஞ்சு ஒன்றை விளையாட்டாகப் பிடித்து அதன் சுற்றத்திலிருந்து பிரித்த வினையே, சீவகன் தன் பெற்றோரைப் பிரிந்து வளரக் காரணமாயிற்று என்று சிந்தாமணி சொல்வதை இவ்விடத்தில் எண்ணிக்கொள்க.

யசோமதி மன்னனின் நாய்கள்

வேட்டை நாய் நம் தமிழ்க் காப்பியத்திலேயே வருகிறது. யசோதர காவியத்தை அறியாத இல்லம் நம்மில் இருக்காது. தீக்கனவின் பயனை விலக்கவென்று, தாய் சந்திரமதியின் சொல் கேட்டு, மாவினால் செய்த கோழியொன்றை யசோதர மன்னன் பலியிட்டான். மாக்கோழிக்கு உயிரில்லை. ஆனால் வெட்டும்போது மனத்தில் இருந்த எண்ணம் உண்மையான கோழியை வெட்டும் எண்ணமே. அவ்வெண்ணம் தாயையும் மகனையும் பிறவிதோறும் துரத்தியது. மறுபிறவியில் மகன் மயிலானான், தாய் நாயானாள். இருவரும் யசோமதி மன்னனின் அரண்மனைக்கே வந்து சேர்ந்தார்கள். யசோமதி வேறு யாருமல்லன், யசோதரனின் மகன். நாய் மயிலைக் கவ்விக் கொன்றது. சூதாடிக்கொண்டிருந்த மன்னன் வெகுண்டு, ஆடிய பலகையாலேயே நாயை அடித்துக் கொன்றான். தன் தந்தையைத் தன் பாட்டி கொன்றாள் என்பதும், தன் பாட்டியைத் தானே கொன்றான் என்பதும் அவன் அறியவில்லை.

பின்னர் ஒருநாள் அவன் நாய்களோடு வேட்டைக்குப் போனான். வழியில் சுதத்த முனிவர் தவத்தில் நின்றிருந்தார். வேட்டை வாய்க்கவில்லை. முனிவரைக் கண்டதே காரணம் என்று சினந்து, நாய்களை அவர்மேல் ஏவினான். பாய்ந்து சென்ற நாய்கள் அவர் அருகே வெகுளி அடங்கி நின்றுவிட்டன. நாய்கள் அடங்கிய பின்னும் மன்னன் அடங்கவில்லை. நண்பன் கலியாணமித்திரன் எடுத்துரைத்த பின்னரே அவன் உள்ளம் தெளிந்தது. முனிவர் வாயால் தன் முன்னோர் பட்ட பிறவித் துன்பங்களைக் கேட்டுத் துறவு பூண்டான்.

இக்கதையில் முதலில் அமைதி அடைந்தவை நாய்கள். கொடுமை அவற்றின் பல்லில் இல்லை, ஏவிய நாவில் இருந்தது என்பதைக் காப்பியம் இவ்வாறு காட்டிவிடுகிறது. நாய் துரத்துவது அதன் இயல்பு. அவ்வியல்பைத் தீட்டிக் கூராக்கி ஒரு திசையில் செலுத்துபவன் மனிதன். ஆகவே நாயை வெறுப்பதும் அறமன்று. எந்த நாயும் எந்தப் பிறவியில் நமக்கு யாராக இருந்ததோ, யார் அறிவார்?

சுதஞ்சணன்

நாயின் செவி எதையும் கேட்கத் தகுந்தது என்பதற்குத் திருத்தக்கதேவர் சான்று தந்திருக்கிறார். உணவைத் தீண்டிய குற்றத்துக்காக அடிபட்டு உயிர் ஊசலாடிக் கிடந்த ஒரு நாயைச் சீவகன் கண்டான். காப்பாற்ற இயலாத நிலை. அருகே அமர்ந்து, அதன் செவியில் பஞ்ச மந்திரத்தை ஓதினான். அந்நாய் அமைதியாக உயிர் நீத்துச் சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. நன்றி மறவாமல் உடனே வந்து சீவகனை வணங்கிற்று. பிற்காலத்தில் கட்டியங்காரன் கொல்லப் பணித்தபோது சீவகனை எடுத்துச் சென்று காத்தவனும் அந்தத் தேவனே.

நாய் ஐம்பொறியும் மனமும் உடைய உயிர். அவ்வகை விலங்குகள் நற்காட்சி பெறவும், தம் அளவில் விரதம் காக்கவும் வல்லன என்பது ஆகமத் துணிபு. பகவான் மகாவீரரே ஒரு முற்பிறவியில் மான் கவரும் சிங்கமாக இருந்தார். சாரண முனிவர்களின் அறவுரை கேட்டுக் கண்ணீர் பெருக்கி ஊனைத் துறந்தார். சிங்கம் கேட்டது, நாய் கேட்டது. வேட்டைக்காரரோ நம்மைப் போன்ற மனிதப் பிறவி. அவரும் கேட்பார் என்ற நம்பிக்கை நமக்கு வேண்டாமா?

வேட்டையாடுவோரை இகழலாமா?

இகழ்வது எளிது. நம் நிலத்தில் எலியும் முயலும் பெருகும்போது அழைப்பதும், வேலை முடிந்தபின் "கொலைத் தொழிலோர்" என்று ஒதுக்குவதும் நம்மில் சிலரிடம் உள்ள வழக்கம். பசிக்காகப் பிடிப்பவர் வேறு, பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவர் வேறு. முதல்வருக்கு வேறு வழி காட்டுவது நம் கடன்.

வழி உண்டு என்பதற்கு இருளர் மக்களே சான்று. முன்பு அவர்கள் பாம்பைப் பிடித்துத் தோலுக்காக விற்று வாழ்ந்தனர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அத்தொழில் அற்றுப்போயிற்று. 1978-ல் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதே கைகள் பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, பாம்பை மீண்டும் விடுகின்றன. அந்நஞ்சு பாம்புக்கடி மருந்தாகி மனித உயிர்களைக் காக்கிறது. பிடிப்பதிலும் சிறு துன்பம் உண்டு. ஆனால் கொலை நீங்கியது, கலை அழியவில்லை, வயிறும் வாடவில்லை.

நாயின் திறத்துக்கும் அத்தகைய மாற்று உண்டு. 2008 முதல் நம் நாட்டு மாநிலங்கள் பலவற்றின் வனத்துறையில், புலித்தோலும் எலும்பும் கடத்துவோரை மோப்பத்தால் கண்டுபிடிக்க நாய்கள் பழக்கப்பட்டு வருகின்றன. விலங்கைத் தேடிய மூக்கு, விலங்கைக் கொன்றவனைத் தேடுகிறது.

சட்டமும் அறத்தின் பக்கமே நிற்கிறது. வனவிலங்குச் சட்டம் கொல்லுவதை மட்டும் வேட்டை என்று சொல்லவில்லை. துரத்துதல், கலைத்து ஓட்டுதல், கண்ணி வைத்தல், அவற்றுக்கு முயலுதல் யாவும் வேட்டையே என்று வரையறுக்கிறது. இது நம் ஆகமத்தின் கருத்துக்கு மிக நெருங்கியது. கடல் கடந்த நாடுகளிலும் இவ்வுணர்வு வளர்ந்திருக்கிறது. குதிரையேறி நாய்க்கூட்டத்தோடு நரி வேட்டையாடுவதைக் குலப்பெருமையாகக் கொண்டிருந்த இங்கிலாந்தில், அதனைத் தடுக்கும் சட்டம் 2004-ல் இயற்றப்பட்டு 2005-ல் நடைமுறைக்கு வந்தது. விலங்குக்குப் பதிலாக, முன்கூட்டி இட்டு வைத்த மணத்தடத்தில் நாய்களை ஓடவிடும் வழக்கம் அங்கே பரவிற்று. ஆனால் தடத்தைத் தொடர்வதாகச் சொல்லிக்கொண்டு நரியையே துரத்துவோரும் அங்கே வழக்குமன்றத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். சட்டம் கையைக் கட்டும். மனத்தைக் கட்டுவது விரதம் ஒன்றே.

நாம் மேற்கொள்ள வேண்டியவை

நிலமுள்ளோர் நம் நிலத்தில் நாயோடும் கண்ணியோடும் எவரும் நுழைவதற்கு இசைவு தரவேண்டா. பேசாமல் இருப்பதும் இசைவுதான். ஆகவே வாய் திறந்து, அன்போடு, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பயிரைக் காக்க, பழைய புடவைகளை வயலைச் சுற்றி வேலியாகக் கட்டும் முறையை உழவர் பலர் கையாள்கின்றனர். பன்றியையும் முயலையும் அது பெரிதும் தடுக்கிறது. நாய் வளர்ப்போர் அதனைக் காவலுக்கு வளர்க்கலாம். வயிறார உணவிட்டு, வேளையோடு அவிழ்த்துவிட்டு, முதுமையிலும் கைவிடாமல் வளர்க்க வேண்டும். துரத்தி ஓடும் இயல்புடைய நாய்க்குத் துணியுருண்டையை இழுத்து ஓடவிட்டால் போதும்; அதற்கு ஓட்டந்தான் வேண்டும், கொலை வேண்டுவதில்லை. பிள்ளைகள் கைப்பேசியில் வேட்டைக் காட்சி பார்க்கக் கண்டால் அதட்ட வேண்டா. அருகில் அமர்ந்து யசோமதியின் கதையைச் சொல்லுங்கள்.

வேட்டையாடும் குடும்பம் அருகே இருந்தால், அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கும் வேறு பிழைப்புக்கும் கை கொடுங்கள். அபயதானம் என்பது முயலுக்கு மட்டும் தருவதன்று. கொன்றுதான் பிழைக்க வேண்டும் என்னும் அச்சத்திலிருந்து ஒரு மனிதனை விடுவிப்பதும் அபயதானமே.

மேல்பட்டாம்பாக்கத்து அன்பரின் செய்தியைச் சொல்லி முடிக்கிறோம். அடுத்த சதுர்த்தசியன்று அவர் ஜினாலயத்தில், தம் நிலத்தில் வேட்டைக்கு இசைவதில்லை என்று விரதம் ஏற்றார். வீட்டிலிருந்த பழைய புடவைகள் வேலியாயின. அவ்வாண்டு ஒரு மூலையில் செடி கடிபட்டது, இழப்பும் இருந்தது. "ஜீவன்களுக்கு இட்ட பங்கு" என்று ஏற்றுக்கொண்டார். முதியவர் வேட்டையை அடியோடு விட்டுவிட்டார் என்று எழுத நமக்கும் ஆசைதான், அது உண்மையன்று. பிற இடங்களுக்கு அவர் இன்னும் போகிறார். ஆனால் அன்பரின் வரப்பு வரும்போது இரு கயிறுகளையும் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு கடந்து போகிறார் என்றும், அவருடைய பேரன் இப்போது அன்பர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாடம் படிக்கிறான் என்றும் அறிகிறோம்.

மேல்பட்டாம்பாக்கத்தைக் கடந்து ஓடும் தென்பெண்ணை, சாத்தனூர் வழியாகத் திருவண்ணாமலைச் சீமையைக் கடந்து வருவது. அச்சீமையில் எடுத்தனூர் என்னும் ஊரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. போரில் வீழ்ந்த வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் நம் மக்கள் ஒரு நாயின் பெயரைக் கல்லில் பொறித்து வைத்தார்கள். அது எத்தனை முயலைப் பிடித்தது என்று எழுதவில்லை, காத்து நின்றது என்றே எழுதினார்கள்.

நம் வீட்டு நாயும் காத்து நிற்பதாகுக. நம் கை எக்கயிற்றையும் கொலைக்காக அவிழ்க்காதிருப்பதாகுக. நம் தலை எக்கொலைக்கும் அசையாதிருப்பதாகுக.

எவ்வுயிரும் இன்புறுக! அருகன் அறம் ஓங்குக!